அடுத்து எதை மாற்றுவது: ஸ்பீக்கரா, ஆம்பா, டேக்கா?

கையில் ஒரு 50,000 ரூபாய் சேர்ந்திருக்கிறது. வீட்டில் ஏற்கெனவே ஒரு ஸ்டீரியோ செட் இருக்கிறது, பாட்டும் பரவாயில்லாமல் கேட்கிறது. இன்னும் கொஞ்சம் நன்றாக இருக்கலாமே என்ற ஆசை வந்துவிட்டது. விசாரித்தால் ஒருவர் ஆம்ப்ளிஃபயரை மாற்றச் சொல்கிறார், இன்னொருவர் புது டேக் (எண்களாக இருக்கும் பாட்டை மின் சிக்னலாக மாற்றும் பெட்டி) வாங்கச் சொல்கிறார், மூன்றாமவர் ஐந்திலக்க விலை போட்ட ஒயரை எடுத்துக் காட்டுகிறார். பலருடைய பணம் வீணாவது இந்த இடத்தில்தான். எதை மாற்றினால் என்ன கிடைக்கும், எவ்வளவு கிடைக்கும் என்று ஒன்றோடு ஒன்றை வைத்துப் பார்த்துவிட்டுச் செலவு செய்வதே நல்லது.

பேச்சுக்கு ஒரு செட்டை வைத்துக்கொள்வோம். 12க்கு 15 அடி ஹால், உயரம் 10 அடி. தரையில் டைல்ஸ், சுவரில் பூச்சும் பெயின்ட்டும். டி.வி. யூனிட்டின் மேல் 5 அங்குல வூஃபர் (தாழ்ந்த ஒலி தரும் பகுதி) உள்ள இரண்டு புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்கள். சேனலுக்கு 50 வாட் தரும் ஆம்ப். பாட்டு வருவது லேப்டாப்பிலிருந்தோ போனிலிருந்தோ. கூடவே இசைத்தட்டு கேட்க ஆரம்ப விலையில் ஒரு டர்ன்டேபிள். நம் ஊரில் ஆடியோ பிரியர்கள் பலருடைய வீட்டு நிலவரம் ஏறக்குறைய இதுதான்.

"முதலில் சோர்ஸைக் கவனி", அதாவது பாட்டு கிளம்பும் கருவியைக் கவனி என்று ஒரு பழைய வாதம் உண்டு. ஸ்காட்லாந்தின் லின் நிறுவனம் 1970களில் தன் டர்ன்டேபிளோடு சேர்த்துப் பரப்பிய கருத்து அது. தொடக்கத்திலேயே தொலைந்த விவரத்தைப் பின்னால் வரும் எந்தப் பெட்டியாலும் மீட்க முடியாது. அதனால் பணத்தை முதலில் டர்ன்டேபிளில் போடு, பிறகு ஆம்ப், கடைசியில் ஸ்பீக்கர் என்றார்கள். அந்தக் காலத்துக்கு அதில் நியாயம் இருந்தது. அப்போது சோர்ஸ் என்றால் சுழலும் தட்டும், பள்ளத்தில் ஓடும் ஊசியும்தான். தட்டு சீராகச் சுற்றாவிட்டால் சுருதியே ஆடும். 1982இல் சி.டி. வந்த பிறகு இந்தக் கணக்கு மாறிவிட்டது. இன்று போனோடு சேர்த்துக் குத்தும் ஒரு சின்ன அடாப்டரே மனிதக் காதுக்குத் தேவையான அளவு சுத்தமான சிக்னலைத் தந்துவிடுகிறது.

எனவே நான் வேறு ஒரு கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். இந்தச் சங்கிலியில் உடலால் அசைகிற பொருள் எங்கே இருக்கிறது? ஸ்பீக்கரின் கோன் (ஒலி எழுப்பும் கூம்பு) அசைகிறது. இசைத்தட்டின் ஊசி அசைகிறது. அறையின் காற்று அசைகிறது. பெரிய பிழைகள் எல்லாம் இந்த மூன்று இடங்களில்தான். மின்சாரம் மட்டும் ஓடுகிற பெட்டிகளில் பிழையை அடக்கும் வித்தையைப் பொறியாளர்கள் எப்போதோ கற்றுவிட்டார்கள். நல்ல ஆம்பின் டிஸ்டார்ஷன் (ஒலியில் கலக்கும் சிதைவு) 0.01 சதவீதத்துக்குக் கீழேகூட இருக்கும். நல்ல ஸ்பீக்கரிலேயே தாழ்ந்த ஸ்வரங்களைச் சத்தமாக வாசிக்கும்போது அது 1 சதவீதத்தைத் தாண்டும். ஆம்பின் ஒலிச்சமநிலை, அதாவது தாழ்ந்த ஸ்வரம் முதல் உச்ச ஸ்வரம் வரை எல்லாவற்றையும் ஒரே அளவில் தருவது, அரை டெசிபல்கூட விலகாது. ஸ்பீக்கரில் மேலும் கீழும் 3 டெசிபல் விலகல் இருந்தாலே நல்ல ஸ்பீக்கர் என்று விற்கிறார்கள். இவ்வளவு பெரிய இடைவெளி இருக்கும்போது பணம் போக வேண்டிய திசை தெரிந்துவிடுகிறது.

அறை: எல்லோரும் தள்ளிப்போடுவது

ஹாலின் நடுவில் நின்று ஒரு முறை பலமாகக் கைதட்டிப் பாருங்கள். தட்டல் அடங்கிய பிறகு ஒரு கணகணப்பு தொடர்ந்தால், எந்த விலை ஸ்பீக்கரும் அந்த அறையில் தெளிவாகப் பேசாது.

1895இல் ஹார்வர்டில் ஃபாக் அருங்காட்சியகத்தின் சொற்பொழிவுக் கூடத்தில் பேசுவது யாருக்கும் புரியவில்லை என்று வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள். அவர் பக்கத்துச் சாண்டர்ஸ் அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்து வந்து கூடத்தில் போட்டு, எத்தனை மெத்தைக்கு ஒலி எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று அளந்தார். அதிலிருந்து பிறந்த சூத்திரம்தான் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: அறையின் கன அடியை 0.049ஆல் பெருக்கி, அறையில் ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகுத்தால், ஒலி அடங்க எத்தனை நொடி ஆகும் என்று கிடைக்கும்.

நம் ஹாலுக்குப் போட்டுப் பார்ப்போம். கன அளவு 1,800 கன அடி. தரை, கூரை, சுவர் எல்லாம் சேர்த்து 900 சதுர அடி. டைல்ஸும் பூச்சும் தங்கள் மேல் விழும் ஒலியில் 2, 3 சதவீதம்தான் உறிஞ்சும். அப்படியானால் உறிஞ்சும் பரப்பு வெறும் 27 சதுர அடி. ஒலி அடங்க 3 நொடிக்கு மேல் ஆகிறது. இது காலி அறைக்கான ஏட்டுக் கணக்குதான், கதவு ஜன்னல் திறந்திருந்தால் குறையும். ஆனாலும் பாடகர் ஒரு சங்கதி போட்டு முடிப்பதற்குள் முந்தைய சங்கதியின் மிச்சம் அறையில் மிதந்துகொண்டிருக்கும் என்றால் கமகம் எப்படித் தெரியும்? இனி ஒரு முழுச் சுவருக்குத் தடித்த துணித் திரையை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிடுங்கள். ஸ்பீக்கருக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே ஒரு கம்பளம். மெத்தை வைத்த சோபா, புத்தக அலமாரி, உட்கார்ந்து கேட்கும் நீங்கள். உறிஞ்சும் பரப்பு 160 சதுர அடியை ஒட்டி வரும். அடங்கும் நேரம் அரை நொடிக்குச் சற்று மேல். அதே ஸ்பீக்கர், அதே ஆம்ப், வேறு செட் வாங்கியது போல இருக்கும்.

திரைக்கும் கம்பளத்துக்கும் ஆகும் செலவு 50,000இல் ஒரு சிறு பங்கு. அதற்கும் முன்னால் காசே இல்லாமல் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது: ஸ்பீக்கர்களை டி.வி. யூனிட்டிலிருந்து இறக்குவது. மூலையிலும் சுவரை ஒட்டியும் நிற்கும் ஸ்பீக்கரில் கீழ்ஸ்தாயி வீங்கிவிடும். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் "தொம்" என்று விழ வேண்டிய இடத்தில் "பூம்" என்று பரவும். சுவரிலிருந்து ஒன்றரை, இரண்டு அடி முன்னால் இழுத்து, ட்வீட்டர் (உச்ச ஒலி தரும் சின்னப் பகுதி) உங்கள் காது உயரத்தில் இருக்கும்படி வைத்து, இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையிலுள்ள தூரமும் உங்களுக்கும் ஸ்பீக்கருக்கும் உள்ள தூரமும் ஏறக்குறைய சமமாக வருமாறு உட்காருங்கள். ஸ்டாண்ட் வாங்கப் பணம் வேண்டாம் என்றால் இரண்டு ஹாலோ பிளாக்கை அடுக்கி மேலே ஒரு துண்டு கடப்பா கல்லைப் போட்டால் போதும். பார்க்கக் கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும், ஆனால் அசையாது.

அறை செய்யும் இன்னொரு வேலைக்குத் திரை உதவாது. 15 அடி நீளமுள்ள அறை 38 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 38 அதிர்வு) பக்கத்திலும், 12 அடி அகலம் 47 ஹெர்ட்ஸ் பக்கத்திலும், 10 அடி உயரம் 57 ஹெர்ட்ஸ் பக்கத்திலும் தானாகவே அதிரும். அந்த ஸ்வரங்கள் வரும்போது மட்டும் சத்தம் திடீரென்று பெருக்கும். இதற்கு மருந்து ஈக்வலைசர், அதாவது எந்த ஹெர்ட்ஸைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று திருத்தும் வசதி. மினிடிஎஸ்பி நிறுவனத்தின் யூமிக்-1 என்ற யு.எஸ்.பி. மைக்கும், ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளும் இருந்தால் எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு வீக்கம் என்று திரையில் பார்த்துவிடலாம். வீக்கத்தைத்தான் ஈக்வலைசரால் வெட்ட முடியும். பள்ளத்தை நிரப்பப் பார்த்தால் ஆம்புக்கும் வூஃபருக்கும் வீண் சுமை. பள்ளம் பள்ளமாகவே இருக்கும். அதற்கு ஸ்பீக்கரையோ நாற்காலியையோ நகர்த்துவதுதான் வழி.

ஸ்பீக்கர்: பெரும்பங்கு போக வேண்டிய இடம்

கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஃபிளாய்ட் டூல் பல ஆண்டுகள் ஒரு காரியம் செய்தார். ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்து, எது என்ன பிராண்ட் என்று தெரியாமல் ஆட்களைக் கேட்க வைத்து மதிப்பெண் போடச் சொன்னார். பிராண்டும் விலையும் தெரியாதபோது பெரும்பாலோர் ஒரே மாதிரி ஸ்பீக்கரைத்தான் விரும்பினார்கள்: நேராகக் கேட்கும்போது ஒலிச்சமநிலை சீராக இருப்பது, பக்கவாட்டில் போகும் ஒலியும் அதே சீரோடு படிப்படியாகக் குறைவது. பின்னாளில் ஹார்மன் நிறுவனத்தில் அவரும் ஷான் ஆலிவும் நடத்திய சோதனையில், பெட்டி கண்ணுக்குத் தெரிந்தபோது அதே ஆட்களின் மதிப்பெண் மாறியது. ஸ்பீக்கர் வாங்கப் போகிறவருக்கு இதைவிடப் பயனுள்ள ஆராய்ச்சி இல்லை என்பேன். பக்கவாட்டு ஒலி ஏன் முக்கியம் என்றால், நம் காதுக்கு வருவதில் பாதிக்கு மேல் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி, அதுவும் டைல்ஸ் ஹாலில். இந்த அளவீடுகளை ஒரே படத்தில் காட்டும் வரைபடத்துக்கு ஸ்பின்னோரமா என்று பெயர். பல மாடல்களுக்கு இணையத்தில் கிடைக்கிறது. வாங்கும் முன் அதைத் தேடிப் பாருங்கள்.

ஸ்பீக்கரை மாற்றினால் கேட்கும் வித்தியாசம் காதைத் தீட்டிக்கொண்டு தேட வேண்டிய வித்தியாசம் இல்லை. சமையலறையில் இருப்பவருக்கும் தெரியும். ஆம்பையோ டேக்கையோ மாற்றி, இரண்டையும் ஒரே சத்த அளவில் வைத்து ஒப்பிட்டால், பல நேரங்களில் எது எது என்றே சொல்ல முடியாது.

சரி, பெரிய ஸ்பீக்கரா, இருக்கிற ஸ்பீக்கரோடு ஒரு சப்வூஃபரா (கீழ்ஸ்தாயிக்கென்றே உள்ள தனிப் பெட்டி)? இது என்ன கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 5 அங்குல வூஃபர் பொதுவாக 55, 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே தளர்ந்துவிடும். கர்நாடக இசைக்கு அது போதும். ஒரு கட்டை சுருதியில் பாடுகிறவரின் மத்திய ஸட்ஜம் 131 ஹெர்ட்ஸ், தம்பூராவின் மந்தர ஸட்ஜம் 65 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே பெரிதாக எதுவும் இல்லை. திரைப்பாட்டுக்காரர்களின் கதை வேறு. எண்பதுகளின் தமிழ்ப் பாடல்களில் பேஸ் கிட்டார் தனி ஆளாக நடந்து போகும். அதன் கடைசித் தந்தியின் திறந்த ஸ்வரம் 41 ஹெர்ட்ஸ். அந்த நடை சின்ன ஸ்பீக்கரில் நிழலாகத்தான் கேட்கும். இப்படிக் கேட்பவருக்கு, இருக்கும் ஸ்பீக்கர் சுமாராவது நன்றாக இருந்தால், சப்வூஃபர் நல்ல தேர்வு. 80 ஹெர்ட்ஸ் பக்கத்தில் பிரித்து, கீழே உள்ளதை அதற்கும் மேலே உள்ளதை ஸ்பீக்கருக்கும் கொடுங்கள். வைக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க, சப்வூஃபரை நீங்கள் உட்காரும் நாற்காலியில் வைத்து ஒரு பேஸ் பாட்டை ஓடவிட்டு, தரையில் தவழ்ந்தபடி அறையைச் சுற்றுங்கள். எங்கே பேஸ் சீராகக் கேட்கிறதோ அங்கே சப்வூஃபரைக் கொண்டுபோய் வையுங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும்: தாழ்ந்த ஒலி கான்கிரீட் தளத்தை ஊடுருவிக் கீழ் வீட்டுக்குப் போகும். கீழே கைக்குழந்தையோ நோயாளியோ இருந்தால் சப்வூஃபரை விட்டுவிட்டு நல்ல ஸ்பீக்கருக்கே போங்கள்.

பழைய ஸ்பீக்கர் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: தாராளமாக. ஆனால் கோனைச் சுற்றியுள்ள வளையத்தைப் பாருங்கள். ஃபோம் வளையம் என்றால் கடலோர ஊர்களின் ஈரப்பதத்தில் சில வருடங்களில் நைந்து உதிரும். விரலால் மெல்லத் தொட்டால் ஒட்டினாலோ பொடிந்தாலோ வேண்டாம். ரப்பர் வளையம் நீடித்து உழைக்கும்.

ஆம்ப்: எப்போது மாற்ற வேண்டும்

கணக்கு எளிது. நம் ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி 86 டெசிபல் என்று வைப்போம். அதாவது ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி 86 டெசிபல். எட்டடி தள்ளி உட்கார்ந்தால் 8 டெசிபல் குறையும். இரண்டு ஸ்பீக்கரும் சுவர்களின் எதிரொலியும் சேர்ந்து 4 டெசிபல் அளவு திருப்பித் தரும். ஆக ஒரு வாட்டுக்கு 82 டெசிபல். வீட்டில் நன்றாகச் சத்தம் வைத்துக் கேட்டாலே சராசரி 75 டெசிபல்தான் இருக்கும். தவில் அடி, டிரம் அடி போன்ற உச்சங்கள் அதற்கு மேல் 20 டெசிபல் எகிறலாம். 95 டெசிபலைத் தொட நமக்குத் தேவை 20 வாட். கையில் இருப்பது 50. இதை 100 வாட் ஆம்பாக மாற்றினால் கூடுவது 3 டெசிபல் மட்டும். வாட்டை இரட்டிப்பாக்கினால் சத்தம் இரட்டிப்பாகாது; காதுக்கு இருமடங்கு போலத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். நிறையப் பேர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

விதிவிலக்கு உண்டு. பி.பி.சி. 1970களில் வடிவமைத்த எல்.எஸ். 3/5ஏ போன்ற ஸ்பீக்கர்களின் சென்சிடிவிட்டி 82, 83 டெசிபல்தான். அதுபோன்றதை வைத்துக்கொண்டு பெரிய ஹாலில் சத்தமாகக் கேட்பவருக்கு வாட் வேண்டும். சில ஸ்பீக்கர்கள் 8 ஓம் (மின்தடையின் அளவு) என்று எழுதியிருந்தும் சில ஹெர்ட்ஸில் 3 ஓம் வரை இறங்கி ஆம்பை வருத்தும். சத்தம் கூட்டியதும் பாட்டு கரகரப்பாக மாறுவது, ஆம்ப் கைவைக்க முடியாமல் சூடாவது, நடுப்பாட்டில் தானே அணைந்துவிடுவது, இவையெல்லாம் ஆம்ப் திணறுவதன் அடையாளங்கள். அப்போது ஆம்பை மாற்றுங்கள். இப்போது வரும் சின்ன கிளாஸ்-டி ஆம்புகள் உள்ளங்கை அகலத்தில் இருந்துகொண்டு குறைந்த விலையில் தேவையான வாட்டைத் தருகின்றன. எடையைப் பார்த்து ஆம்ப் வாங்கிய காலம் போய்விட்டது.

வேறு சில குறைகளை ஆம்பின் தலையில் கட்டுகிறோம். என் சித்தப்பா ஒரு நாள் போன் பண்ணி, "ஆம்ப் போயிடுச்சுப்பா, ஒரே உறுமல், புதுசு ஒண்ணு சொல்லு" என்றார். போய்ப் பார்த்தேன். லேப்டாப்பிலிருந்து ஆம்புக்கு ஒயர் போயிருந்தது, லேப்டாப் சார்ஜரில் இருந்தது. "சித்தப்பா, அந்தச் சார்ஜரைக் கொஞ்சம் உருவுங்க" என்றேன். உருவியதும் உறுமல் நின்றது. சார்ஜரின் எர்த்தும் ஆம்பின் எர்த்தும் சேர்ந்து ஒரு வளையமாகி அதில் மின்சாரம் ஓடியதுதான் காரணம். கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற சின்ன டப்பாவை நடுவில் மாட்டினோம், தீர்ந்தது. கேபிள் டி.வி. ஒயராலும் இதே தொல்லை வரும். கரண்ட் போன நேரத்தில் மட்டும் உறுமினால் இன்வெர்ட்டரைப் பாருங்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஆம்ப் உறுமத்தான் செய்யும். வால்யூம் குமிழைத் திருப்பும்போது கரகரவென்றால் உள்ளே தூசி. கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே போதும். இருபது, முப்பது வருடப் பழைய ஆம்பில் கெப்பாசிட்டர்கள் உலர்ந்திருக்கும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் நல்ல கெப்பாசிட்டர்களை வாங்கி, கை தேர்ந்த மெக்கானிக்கிடம் கொடுத்து மாற்றினால் புது ஆம்ப் செலவு மிச்சம்.

டேக்: கடைசி இடம்

 டேக் விஷயத்தில் நான் உறுதியாக இருக்கிறேன்: இன்றைய நிலையில் மேம்படுத்த வேண்டியவற்றில் கடைசியாக வருவது இதுதான். சி.டி. என்பது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து எழுதியது. அதில் பாதியான 22 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியை அது பதிவு செய்யும். மனிதக் காதின் எல்லை 20, அதுவும் இளமையில். மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் இடையே 96 டெசிபல் வித்தியாசத்தை அது தாங்கும். அமெரிக்காவில் 9 டாலருக்கு விற்கப்படும் ஆப்பிளின் யு.எஸ்.பி.-சி ஹெட்போன் அடாப்டரின் அளவீடுகளே இந்தத் தரத்தை ஒட்டி வருகின்றன. அதன் ஒரே குறை, வழக்கமான சி.டி. பிளேயரின் 2 வோல்ட்டுக்குப் பதில் 1 வோல்ட் வெளியீடு. வால்யூமைக் கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டும், அவ்வளவுதான். லேப்டாப்பின் ஹெட்போன் துளையில் நேராகச் சொருகி, மவுஸை நகர்த்தும்போது கிறுகிறு சத்தம் வருகிறது என்றால் இப்படி ஒரு மலிவான அடாப்டர் வாங்குங்கள். அதற்கு மேல் இங்கே பணம் போட வேண்டாம்.

டேக்கைவிட எந்தப் பிரதி என்பது பல மடங்கு முக்கியம். பழைய தமிழ்ப் பாடல்களில் யூடியூபில் கிடைப்பவை பல, கேசட்டிலிருந்து எடுத்தவை. சிலவற்றில் யாரோ பேஸைக் கூட்டி, எதிரொலியைச் சேர்த்து "டிஜிட்டல்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதே பாட்டின் பழைய சி.டி. கிடைத்தால் கேட்டுப் பாருங்கள், வயலின் குழு தனித்தனி வில்லாகக் கேட்கும். ஆப்பிள் மியூசிக் 2021 முதல் கூடுதல் கட்டணமின்றி, சுருக்கும்போது எதையும் இழக்காத தரத்தில் பாட்டுகளைத் தருகிறது. புது டேக்குக்கு வைத்த காசில் பழைய சி.டி.க்களை வாங்கிச் சேர்த்தால் பலன் அதிகம்.

ஊசி: எல்.பி. கேட்பவர்களுக்கு மட்டும்

மேலே சொன்னதெல்லாம் டிஜிட்டலுக்கு. இசைத்தட்டில் சோர்ஸ் இன்னும் அசையும் பொருள்தான், ஆகவே லின்காரர்களின் பழைய வாதம் இங்கே பாதியளவு இன்றும் உயிரோடு இருக்கிறது. டர்ன்டேபிளை மாற்றுவதற்கு முன் ஊசியை மாற்றுங்கள்.

தட்டின் ஓரத்தில் ஊசிக்கடியில் பள்ளம் நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. நடு வட்டத்தை நெருங்கும்போது 20 சென்டிமீட்டரை ஒட்டி வந்துவிடும். அதே பாட்டின் அலைகள் பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கியடித்து எழுதப்பட்டிருக்கும். உருண்டை முனையுள்ள கோனிகல் ஊசி அந்த நெருக்கத்தில் இறங்க முடியாமல் மேலாகத் தாவும். பக்கத்தின் கடைசிப் பாட்டில் மட்டும் "ச", "ஸ" எல்லாம் எச்சில் தெறிப்பது போலக் கேட்பதற்கு இதுதான் காரணம். ஆடியோ-டெக்னிகாவின் வி.எம்.95 வரிசைக் கார்ட்ரிட்ஜில் (ஊசியைத் தாங்கும் பகுதி) உடல் ஒன்றே, ஊசியை மட்டும் கையால் உருவிக் கோனிகலிலிருந்து எலிப்டிகல், மைக்ரோலீனியர், ஷிபாட்டா என்று இன்னும் நுண்ணிய முனைகளுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆர்ட்டோஃபோன் 2எம் ரெட் வைத்திருப்பவர் 2எம் ப்ளூவின் ஊசியை அதே உடலில் சொருகலாம். மைக்ரோலீனியர் முனை போட்டால் கடைசிப் பாட்டும் முதல் பாட்டை நெருங்கும் அளவு தெளிவாக இருக்கும். எல்.பி. அதிகம் கேட்கிற வீட்டில் ஸ்பீக்கருக்கு அடுத்து நான் காசு போடச் சொல்வது இதற்குத்தான். கூடவே கோணம் பார்க்கும் புரொட்ராக்டரும் ஊசி தட்டை அழுத்தும் எடையைப் பார்க்கும் சின்னத் தராசும் வேண்டும். பெரும்பாலான இந்த வகைக் கார்ட்ரிட்ஜ்களுக்கு 2 கிராமை ஒட்டிய எடை. சூட்கேஸ் மாதிரி வரும் பிளேயரில் செராமிக் கார்ட்ரிட்ஜ் 5 கிராம் அளவுக்கு அழுத்தும். அப்பா காலத்துத் தட்டுகளைத் தயவுசெய்து அதில் போடாதீர்கள்.

ஒயரைப் பற்றி ஒரு பத்தி போதும். வீட்டு வயரிங்குக்கு எலெக்ட்ரீஷியன் வாங்கும் 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயரில் பத்தடி தூரத்துக்குப் போகவர மின்தடை 0.05 ஓமுக்குள் அடங்கும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

அப்போ என்ன செய்வது

நம் உதாரண வீட்டுக்குத் திரும்பினால், என் தீர்ப்பு இது: 10,000 ரூபாய்க்குள் திரை, கம்பளம், ஸ்டாண்ட். ஒரு மாதம் அப்படியே கேளுங்கள். அதற்குப் பிறகும் குறை தெரிந்தால் மீதி 40,000 முழுவதும் ஸ்பீக்கருக்கு. ஆம்பைத் தொட வேண்டாம். திரைப்பாட்டுக்காரர், இருக்கிற ஸ்பீக்கரும் சீராக இருக்கிறது, கீழ் வீட்டாரும் பொறுத்துக்கொள்வார்கள் என்றால் அந்தப் பணத்தில் ஒரு சப்வூஃபரும் யூமிக் மைக்கும். தட்டு கேட்பவர் ஸ்பீக்கர் பட்ஜெட்டில் ஒரு பங்கை ஒதுக்கி ஊசி. வாடகை வீடு, ஆணி அடிக்க விடமாட்டார்கள் என்றால் திரையை விட்டுவிட்டு, ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே, ஐந்தடிக்குள் நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். நேரடி ஒலி கூடும், அறையின் சத்தம் அமுங்கும். செலவே இல்லை.

ஸ்பீக்கர் கேட்கக் கடைக்குப் போகும்போது உங்களுக்கு மனப்பாடமான நான்கு பாட்டுகளைக் கொண்டுபோங்கள்: தனிக்குரல் ஒன்று, மிருதங்கத் தனி ஆவர்த்தனம் ஒன்று, பேஸ் கிட்டார் தெளிவாக நடக்கும் திரைப்பாட்டு ஒன்று, பெரிய வயலின் குழு உள்ளது ஒன்று. கடைக்காரர் போடும் டெமோப் பாட்டில் எந்த ஸ்பீக்கரும் அழகாகத்தான் இருக்கும். முடிந்தால் உங்கள் ஆம்பையும் எடுத்துப் போங்கள். இரண்டு ஸ்பீக்கரை ஒப்பிடும்போது போனில் டெசிபல் காட்டும் ஆப்பை வைத்து இரண்டின் சத்தத்தையும் சமமாக்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பதைக் காது சத்தம் என்று எண்ணாது, "தெளிவு" என்று எண்ணிவிடும். பில் போடுவதற்கு முன் ஒரு வாரம் வீட்டில் வைத்துக் கேட்டுப் பிடிக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று கேளுங்கள். சரி என்றால் அதைப் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அட்டைப் பெட்டியையும் தெர்மகோலையும் அதுவரை பத்திரமாக வைத்திருங்கள்.